விழா நினைவு பட்டன் பேட்ஜ்: வடிவமைப்பிலிருந்து பாதுகாப்பு வரை முழுமையான வழிகாட்டி

விழா முடிந்து இருபது வருடம் கழித்து அதன் பட்டன் பேட்ஜ் யார் கையிலாவது கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த விழா, எந்த ஆண்டு, யார் வெளியிட்டது என்பதெல்லாம் பேட்ஜைத் திருப்பிப் பார்த்தாலே தெரிய வேண்டும். சேகரிப்பவர்கள் ஒரு பேட்ஜை வைத்துக்கொள்வதும் ஒதுக்குவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். ஓவியம் பிரமாதமாக இருந்தும் ஆண்டு போடாத பேட்ஜ்கள் கலவைப் பெட்டியில் கிடக்கும். சுமாரான படமாக இருந்தாலும் ஆண்டும் வரிசை எண்ணும் உள்ளவை ஆல்பத்தில் இடம் பிடிக்கும். ஆகவே மெஷினை அழுத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பேட்ஜின் அமைப்பு

இன்றைய பட்டன் பேட்ஜின் அமைப்பு 1890-களில் உருவானது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், நியூவார்க் நகரிலிருந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றிருந்தது. 1896 அதிபர் தேர்தலில் மெக்கின்லி, பிரையன் இரு தரப்புக்கும் இந்தப் பேட்ஜ்கள் பெருமளவில் தயாராயின. வளைந்த தகட்டின் மேல் அச்சிட்ட காகிதம், அதன் மேல் மெல்லிய செல்லுலாய்டு, பின்னால் இறுக்கிப் பிடிக்கும் வளையம், வளையத்துக்குள் வளைத்த கம்பி ஊசி. அந்த நிறுவனம் பேட்ஜின் பின்குழிக்குள் தன் பெயரும் காப்புரிமைத் தேதிகளும் அச்சிட்ட சிறு காகிதம் ஒன்றை வைத்தது. அந்தக் காலப் பேட்ஜ்களை இன்று அடையாளம் காண முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு வந்த லித்தோ வகையில் காகிதமே கிடையாது. தகரத் தாளில் நேரடியாக அச்சிட்டு, வெட்டி வளைத்துவிடுவார்கள். பல ஆயிரம் அடித்தால்தான் கட்டுப்படியாகும். மேலே படலம் இல்லாததால் கீறலும் சீக்கிரம் விழும். சில நூறு பேட்ஜ் தேவைப்படும் விழாவுக்குப் பழைய முறையின் இன்றைய வடிவமே பொருத்தம். செல்லுலாய்டு இருந்த இடத்தில் இப்போது பாலியஸ்டர் படலம் வந்துவிட்டது, மைலார் என்பார்கள். அதனால் ஒரு பேட்ஜுக்கு வேண்டியவை நான்கு: முன் தகடு, அச்சிட்டு வட்டமாக வெட்டிய காகிதம், மைலார், ஊக்கு பொருத்திய பின் தகடு.

அளவை ஒருமுறை முடிவு செய்து மாற்றாமல் இருங்கள்

புழக்கத்தில் உள்ள அளவுகள் 25, 32, 44, 58, 75 மி.மீ. இருபத்தைந்தில் ஒரு சின்னமும் ஆண்டும் அடங்கும், அதற்கு மேல் எழுதினால் படிக்க முடியாது. எழுபத்தைந்து மெல்லிய துணியை இழுத்துத் தொங்கும். போட்டவர்கள் அரை மணியில் கழற்றிப் பையில் வைத்துவிடுவார்கள். ஆண்டுதோறும் வெளியிடும் வரிசைக்கு 44 அல்லது 58 நல்லது. முதல் ஆண்டு தேர்ந்தெடுத்த அளவையே தொடருங்கள். ஒரே அளவில் வரிசையாக அடுக்கும்போதுதான் தொகுப்பு தொகுப்பாகத் தெரியும்.

மெஷினும் உதிரிகளும் வெவ்வேறு இடத்தில் வாங்குபவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. இரண்டேகால் அங்குல மெஷினும் 58 மி.மீ. மெஷினும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டேகால் அங்குலம் என்பது 57.15 மி.மீ.; அதற்குக் காகிதத்தைச் சுமார் 66.7 மி.மீ. விட்டத்தில் வெட்ட வேண்டும். 58 மி.மீ. மெஷின்கள் பலவற்றுக்கு 70 மி.மீ. தேவை. ஒன்றின் தகடு மற்றதன் டையில், அதாவது தகட்டை வைத்து அழுத்தும் உலோக அச்சில், உட்காரும், அழுத்தினால் சிக்கும். உதிரி வாங்குமுன் மெஷினோடு வந்த மாதிரித் தகட்டை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

வடிவமைப்பு: மூன்று வட்டங்கள்

58 மி.மீ. மெஷினையே எடுத்துக்கொள்வோம். கோப்பில் ஒரே மையத்தில் மூன்று வட்டங்கள் வரையுங்கள்.

வெளி வட்டம் 70 மி.மீ. இது வெட்டும் கோடு. பின்னணி நிறம் இதுவரை ஓட வேண்டும். நடு வட்டம் 58 மி.மீ. இது முகப்பு. உள் வட்டம் 50 மி.மீ. எழுத்து, முகம், சின்னம் எதுவும் இதைத் தாண்டக் கூடாது. ஐம்பதுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் இடைப்பட்ட பகுதி தகட்டின் வளைவில் சாய்ந்துவிடும். அங்கே எழுத்து இருந்தால் எதிரே நிற்பவருக்குப் பாதி மறையும்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். வெட்டும் வட்டத்துக்குள் மையத்திலிருந்து ஒரு மி.மீ. இடைவெளியில் வளையங்கள் வரைந்து, ஐந்து மி.மீ.க்கு ஒருமுறை எண் போட்டு, அந்தத் தாளை வெட்டி ஒரு பேட்ஜ் அழுத்திப் பாருங்கள். எந்த வளையம் விளிம்பில் திரும்புகிறது, எது பக்கவாட்டில் தெரிகிறது, எது பின்னால் மடிந்து மறைகிறது என்று அந்த ஒரு பேட்ஜே காட்டிவிடும். அதை மெஷினோடு கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வடிவமைத்தால் இதைவிட நல்ல கையேடு கிடையாது.

பக்கவாட்டில் தெரியும் அந்தக் குறுகிய வளையம்தான் நினைவுப் பேட்ஜுக்குப் பொக்கிஷமான இடம். அமெரிக்கப் பேட்ஜ்களில் தயாரிப்பாளர் பெயரையும் அச்சகத் தொழிற்சங்க முத்திரையையும் அங்கேதான் அச்சிட்டார்கள். வெளியிட்ட அமைப்பின் பெயர், ஆண்டு, மொத்தம் எத்தனை அடித்தீர்கள் என்ற மூன்றையும் 4 அல்லது 5 புள்ளி எழுத்தில் அங்கே வையுங்கள். முகப்பு அழகு கெடாது, விவரமும் பேட்ஜை விட்டுப் பிரியாது. முகப்பில் ஆண்டை நான்கு இலக்கமாகவே போடுங்கள். ‘25-ஆம் ஆண்டு விழா’ என்பது மட்டும் போதாது. எதிலிருந்து இருபத்தைந்து என்று எதிர்காலத்தில் யாருக்கும் தெரியாது.

300 டிபிஐ தெளிவுக்கு 70 மி.மீ. வட்டம் சுமார் 830 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த சின்னத்தைப் பெரிதாக்கி ஒட்டினால் விளிம்பு பிசிறும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

முகப்பின் ஓரத்தை ஒட்டி வட்டக் கோடு போடும் ஆசை எல்லோருக்கும் வரும். தவிர்த்துவிடுங்கள். கையால் அழுத்தும்போது காகிதம் அரை மி.மீ. விலகுவது சகஜம். சாதாரணப் பின்னணியில் அது கண்ணில் படாது. வட்டக் கோடு இருந்தால் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள்.

அச்சும் காகிதமும்

90 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) வரையான மேட் காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுக்குக் கீழே போனால் மடிப்பில் கிழியும், பின் தகடும் பிடிப்பில்லாமல் ஆடும். நூற்று முப்பதைத் தாண்டினால் மெஷின் மடிக்கத் திணறும். போட்டோ காகிதம் அழகாக அச்சாகும்தான், ஆனால் பெரும்பாலும் 180 ஜிஎஸ்எம்முக்கு மேல். அதைப் போட்டுத்தான் பலர் டையைச் சிக்கவைக்கிறார்கள்.

லேசர் அச்சு ஈரத்துக்கு அசையாது. ஆனால் அடர்கறுப்புப் பின்னணி வளைவில் இழுபடும்போது டோனர் வெடித்து மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியலாம். இங்க்ஜெட்டில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மை நன்றாகக் காய்வதற்கு முன் மைலாரைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி நிறம் பரவும். ஒரு நாள் காயவிடுங்கள். இங்க்ஜெட் என்றால் பிக்மென்ட் மை கேளுங்கள். சாயம் கரைந்த மை (dye ink) வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு தானாகவே நான்கைந்து சதவீதம் சுருக்கிவிடும். கோப்பின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வையுங்கள். அச்சான தாளில் அதை அளந்து பார்த்துவிட்டு மற்றவற்றை அடியுங்கள்.

ஏ4 தாளில் 70 மி.மீ. வட்டங்களை இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்கு வீதம் அடுக்கினால் எட்டு கிடைக்கும். மூன்று வரிசையாக்கி நடு வரிசையைப் பாதி வட்டம் கீழே தள்ளினால் 4, 3, 4 என்று பதினொன்று அடங்கும், அச்சு ஓரமும் மிஞ்சும். பதினொன்று அடுக்கினால் தாளை நேராகப் பட்டை பட்டையாக வெட்ட முடியாது. பஞ்ச் வகை வட்டவெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பட்டைதான் வசதி, அவர்கள் எட்டோடு நிற்பது நல்லது. கத்தரிக்கோலோ பிளாட்டரோ (கணினி வழி வெட்டும் கருவி) பயன்படுத்தினால் பதினொன்று.

முந்நூறு பேட்ஜ் விற்பனைக்கு என்றால் சேதாரத்துக்கு 5 சதவீதம், அதாவது 15. ஆவணத்துக்கு 10. மொத்தம் 325. எட்டு வீதம் 41 தாள், பதினொன்று வீதம் 30 தாள். மைலார் மட்டும் இன்னும் கூடுதலாக வாங்குங்கள். முதலில் தீர்வது அதுதான்.

அழுத்தும் முறை

பெரும்பாலான கை மெஷின்களில் கீழே இரண்டு டை, மேலே ஒன்று. கீழ் டைகள் சுழலும் அல்லது நகரும்.

1. முதல் டையில் முன் தகட்டை மேடான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். இரண்டு தகடு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.
2. அச்சுப் பக்கம் மேலே இருக்கும்படி காகிதத்தை வையுங்கள். படத்தின் தலை எந்தப் பக்கம் என்பது எல்லாப் பேட்ஜுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.
3. மைலார் ஒன்றே ஒன்று. தூசி, முடி இருந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.
4. மேல் டைக்குக் கீழே கொண்டுபோய் ஒரே சீராக அழுத்துங்கள். கைப்பிடியை விட்டதும் முதல் டை காலியாக இருக்க வேண்டும். மூன்றும் மேல் டைக்குள் ஏறியிருக்கும்.
5. இரண்டாவது டையில் பின் தகட்டை ஊக்கு கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். பேட்ஜின் முகம் மேலே பார்த்திருப்பதால் அதன் முதுகு கீழேதான் வரும். இது நினைவிருந்தால் குழப்பமே வராது.
6. இம்முறை கைப்பிடி முட்டி நிற்கும்வரை அழுத்துங்கள்.

ஊக்கு படத்துக்குக் குறுக்காக, மையத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் ஊக்கு மையத்துக்குக் கீழே போய், பேட்ஜ் சட்டையில் முன்னால் கவிழ்ந்து தரையைப் பார்க்கும். மூன்று சோதனைப் பேட்ஜில் சரியான நிலையைக் கண்டுபிடித்து, டையின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

இருவர் இருந்தால் ஒருவர் வெட்டி அடுக்கட்டும், ஒருவர் அழுத்தட்டும். நடுவில் ஆள் மாறினால் தலைகீழ் ஊக்குகள் வரத் தொடங்கும், மாறிய உடனே முதல் பேட்ஜைத் திருப்பிப் பாருங்கள்.

எங்கே தவறுகிறது, ஏன்

*விளிம்பில் சுருக்கம்.* காகிதம் மையத்தில் உட்காரவில்லை, அல்லது வெட்டு வட்டமாக இல்லை. எல்லாப் பேட்ஜிலும் ஒரே இடத்தில் சுருக்கம் வந்தால் குற்றம் காகிதத்தில் இல்லை, டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட்டுப் பாருங்கள்.

*பின் தகடு கழன்று விழுகிறது.* மூன்று காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள். இரண்டாவது அழுத்தம் முழுமையாக இல்லை. காகிதம் சிறிதாக வெட்டப்பட்டதால் பின்னால் மடிய ஒன்றும் இல்லை. இதன் வேர் பெரும்பாலும் ‘தாளுக்குப் பொருத்து’ அச்சுதான். காகிதம் மிக மெல்லியது. விழாவில் கொடுத்த பேட்ஜ் கழன்றால் மறுபடி ஒட்ட வேண்டாம், புதிதாக மாற்றிக் கொடுங்கள். பசை சில மாதத்தில் காகிதத்தில் ஊறி மஞ்சளாகும்.

*முதல் அழுத்தத்தில் காகிதம் மேலே ஏறவில்லை.* மைலார் இரண்டு ஒட்டிப் போயிருக்கும். வறண்ட நாளில் நிலைமின்சாரத்தால் இது அடிக்கடி நடக்கும். அடுக்கை இருபுறமும் வளைத்து விசிறிவிட்டு எடுங்கள். படலம் ஒன்றா இரண்டா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்ப்பதுதான் வழி, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியாது.

*மெஷின் சிக்கிவிட்டது.* பலத்தைக் காட்டாதீர்கள். தகடு இரண்டு போயிருக்கும், அல்லது முதல் அழுத்தத்தை ஒரே பேட்ஜுக்கு இருமுறை கொடுத்திருப்பீர்கள். மேல் டையைக் கழற்றி, மரக்குச்சியால் உள்ளிருந்து தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் டையில் விழும் கீறல் அதன்பின் வரும் ஒவ்வொரு பேட்ஜின் மைலாரிலும் பதியும்.

*வெள்ளை ஓரம்.* பின்னணி வெட்டுக் கோடுவரை ஓடவில்லை. இதற்கு அழுத்தும் மேசையில் தீர்வு கிடையாது, கோப்பைத் திருத்தி மறுபடி அச்சிட வேண்டும்.

மைலார் போட மறந்த பேட்ஜ் முதல் பார்வைக்குத் தப்பிவிடும். முடித்தவற்றைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளக்காதது எதுவோ அதுதான்.

சேகரிக்கத் தகுந்ததாக்குவது

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபாஸ்னாக்ட் விழாவுக்கு 1911 முதல் பேட்ஜ் வெளியிடுகிறார்கள். அது அச்சடித்த பட்டன் அல்ல, உலோகத்தில் செய்வது. ஆனால் முறை கவனிக்கத் தக்கது: ஆண்டுக்கு ஒரே வடிவம், அதையே செம்பு, வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்து வெளியிடுகிறார்கள். வாங்குவது விழாவுக்கு நிதி கொடுப்பதாகவும் ஆகிறது. பட்டன் பேட்ஜிலும் இதைச் செய்யலாம். ஒரே ஓவியம், பொதுமக்களுக்கு ஒரு பின்னணி நிறம், தொண்டர்களுக்கு ஒன்று. இரண்டு நிறத்தோடு நிறுத்துங்கள். ஏழு நிறம் வெளியிட்டால் ஒரு வருடத் தொகுப்பை முடிப்பதே வேலையாகி, வாங்குபவர் சலித்துவிடுவார்.

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 1886-இல் தொடங்கிய குளிர்கால விழாவில் பேட்ஜுக்கு ஒரு பயனும் சேர்ந்திருக்கிறது. விழாவையொட்டி உள்ளூர்ப் பத்திரிகை நடத்தும் புதையல் வேட்டையில், வென்றவரிடம் பதிவு செய்த விழாப் பேட்ஜ் இருந்தால் பரிசுத் தொகை கூடும். நுழைவு, தேநீர், குலுக்கல் என்று எதையாவது பேட்ஜோடு இணைத்தால் மக்கள் அன்று முழுவதும் அதை அணிந்திருப்பார்கள்.

வரிசை எண் போட விரும்பினால் முகப்பின் கீழ்ப்பகுதியில் சிறிதாக அச்சிடுங்கள். விரிதாளிலிருந்து எண்ணை மட்டும் மாற்றி அச்சிட பல வடிவமைப்பு மென்பொருள்களில் வழி உண்டு. பின் தகட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் உரிந்துவிடும்.

தீர்ந்துபோன பேட்ஜை மறுபடி அடிப்பதில் தவறில்லை. ஆனால் ‘மறுபதிப்பு’ என்ற சொல்லும் அடித்த ஆண்டும் பக்கவாட்டு வளையத்தில் இருக்க வேண்டும். 1972-இல் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் பழைய தேர்தல் பேட்ஜ்களை நகலெடுத்து வெளியிட்டபோது விளிம்பில் தன் சுருக்கப் பெயரையும் ஆண்டையும் அச்சிட்டது. அந்த அடையாளத்தைச் சுரண்டிவிட்டு அசல் என்று விற்றவர்களும் உண்டு. அரசியல் பேட்ஜ்களின் நகலில் தயாரித்த ஆண்டு அழியாதபடி இருக்க வேண்டும் என்று அந்நாட்டில் 1973-இல் சட்டமே வந்தது. விளிம்பு சுரண்டியிருக்கும் பழைய பேட்ஜை வாங்காதீர்கள். படத்தில் மட்டுமல்லாமல் நேர்த்தியாக இருக்க வேண்டிய எழுத்துகளிலும் அச்சுப்புள்ளிகள் பத்து மடங்கு லென்ஸில் தெரிந்தால், அது இன்னொரு பேட்ஜைப் படமெடுத்துச் செய்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆவணமும் பாதுகாப்பும்

ஒதுக்கிய பத்தில் ஐந்தை ஒருவரிடமும் ஐந்தை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். கூடவே வெட்டாத அச்சுத் தாள் ஒன்று, மூலக் கோப்பு, ஒரு பக்கக் குறிப்பு. குறிப்பில் விழாத் தேதி, ஓவியர் பெயர், எண்ணிக்கை, அளவு, காகிதம், மை வகை. பொறுப்பாளர்கள் மாறும்போது முதலில் தொலைவது கோப்புதான். அச்சுத் தாள் இருந்தால் ஸ்கேன் செய்தாவது மீட்கலாம்.

பேட்ஜின் எதிரி ஈரம். விளிம்பு மடிப்பின் வழியாக நுழைந்து தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். துரு காகிதத்தில் ஏறிப் பழுப்புக் கறையாக முகப்பில் தெரியும். ஏறிய கறையை எடுக்க வழியில்லை. ஆகவே ஈரத் துணியால் துடைக்காதீர்கள், தண்ணீர் தெளிக்கவே கூடாது. உலர்ந்த மென்துணி போதும். பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டும், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை வாங்குங்கள். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம், நிறம் மாறும் வகையாகப் பார்த்துப் போட்டு, அது நிறம் மாறும்போது மாற்றுங்கள். துணிப் பலகையில் குத்திச் சுவரில் மாட்டுவதென்றால் நேர் வெயில் படாத சுவராக இருக்கட்டும். ஆவணப் பிரதியை மட்டும் எப்போதும் இருட்டில் வையுங்கள்.

செல்லுலாய்டு பூசிய பழைய பேட்ஜ்கள் தொகுப்பில் இருந்தால் அவற்றைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். சிதையத் தொடங்கினால் அது வெளிவிடும் அமில வாயு பக்கத்திலிருக்கும் தகடுகளையும் அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் புதிய பேட்ஜுக்குத்தான். இவற்றுக்குக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியும் குளிர்ந்த அலமாரியும் வேண்டும். கற்பூர வாசனையோ புளித்த நெடியோ வந்தால், அந்த ஒன்றை உடனே பிரித்து வையுங்கள்.